பழைய டீசல் வண்டி காலையில் கிளம்ப மறுக்கிறதா? முதலில் டேப்பட் கவரைத் திறங்கள்

எங்கள் தோட்டத்தில் ஒரு பழைய டெம்போ டிராக்ஸ் நிற்கிறது. தேங்காய் ஏற்ற, உரமூட்டை எடுத்துவர, குடும்பத்தோடு ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்குப் போக, எல்லாவற்றுக்கும் அதுதான். பல வருடங்களாக அதன் இன்ஜினை நானே பார்த்து வருவதால், பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கம் பழைய டீசல் வைத்திருக்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் மார்கழி வந்தால் கூப்பிட்டுவிடுவார்கள். "ஏனுங்க, காலையில ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குதுங்க" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது எந்த வண்டிகளுக்குப் பொருந்தும்?

நான் அளவோடு சொல்வது ஓ.எம். 616 என்ற மெர்சிடிஸ் இன்ஜினைப் பற்றி. நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர், டர்போ கிடையாது. 1973 முதல் மெர்சிடிஸ் 240டி கார்களில் வந்தது. அதே இன்ஜினைப் பஜாஜ் டெம்போ, அதாவது இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ், உரிமம் வாங்கி நம் நாட்டிலேயே செய்து டிராக்ஸிலும் டிராவலரிலும் வைத்தது. கோவையில் பழைய மில் குடும்பத்து வீட்டில் உறை போட்டு நிற்கும் 240டி-யும், கொப்பரை ஏற்றிக்கொண்டு காங்கேயம் போகும் டிராக்ஸும் உள்ளுக்குள் பங்காளிகள்தான்.

மற்ற பழைய டீசல்களுக்கும் காரணங்கள் இவையேதான். ஆனால் அளவுகள் மாறும், அந்தந்த வண்டியின் கையேட்டைப் பாருங்கள். ஆயில் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் உள்ள இன்ஜினுக்கு (பிற்பாடு வந்த மெர்சிடிஸ் 250டி போல) இந்த வேலையே கிடையாது.

ஸ்டார்ட்டிங்குக்கும் டேப்பட்டுக்கும் என்ன சம்பந்தம்? டீசல் பம்ப், டீசலைப் பீய்ச்சும் நாசில் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

பெட்ரோல் வண்டியில் தீ வைக்கப் பிளக் இருக்கிறது. டீசலில் தீ வைப்பது காற்றின் சூடு மட்டும்தான். இந்த இன்ஜின் உள்ளே இழுத்த காற்றை 21-ல் ஒரு பங்காக நசுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுமே, அதேதான், பல மடங்காக. அந்தச் சூட்டில் டீசல் பீய்ச்சப்பட்டதும் தானாகப் பற்றிக்கொள்கிறது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு ஒன்று, புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று. நசுக்கும் நேரத்தில் இரண்டும் முழுதாக மூடியிருந்தால்தான் அந்தச் சூடு பிறக்கும். வால்வைத் திறக்கத் தள்ளுவது கேம், அந்தத் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோகும் கைதான் ராக்கர். வால்வு மூடியிருக்கும்போது கேமுக்கும் ராக்கருக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். அதைத்தான் டேப்பட் கேப் என்கிறோம். அது குறையக் குறைய வால்வு தாமதமாக மூடும், இழுத்த காற்றில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிப் போகும். இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு தன் சீட்டில், அதாவது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் அது வந்து பொருந்தும் வளையத்தில், முழுதாக உட்காராது. கதவுக்கடியில் சின்னக் கல் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு மயிரிழை திறந்தே இருக்கும்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது காற்று கசிந்து போக நேரம் கிடைப்பதில்லை, இன்ஜினும் சூடாக இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போதுதான் சுற்று நூறு, நூற்றைம்பது. இரும்பெல்லாம் சில்லென்று இருக்கும். கசிய வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. அதனால்தான் பகலெல்லாம் நன்றாக ஓடும் வண்டி விடிகாலையில் மட்டும் மல்லுக்கு நிற்கிறது.

டேப்பட் லூஸானால் டக டகவென்று சத்தம் வருமே? என் வண்டியில் சத்தமே இல்லையே?

நான் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். இந்த இன்ஜினில் டேப்பட் லூஸாவதைவிட டைட்டாவதுதான் அதிகம்.

வருடக்கணக்கில் வால்வு சீட்டில் தட்டித் தட்டி இரண்டும் தேய்கின்றன. தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி உட்காரும். அதன் காம்பும் மேலே வரும், இடைவெளி குறையும். கேமும் ராக்கரும் தேய்ந்தால் இடைவெளி கூட வேண்டும், ஆனால் நல்ல ஆயில் போட்டு ஓட்டும் இன்ஜினில் அந்தத் தேய்மானம் சீட்டின் தேய்மானத்தைவிடக் குறைவு. கணக்கின் மொத்தம், டைட்.

லூஸான டேப்பட் சத்தம் போட்டு உங்களைக் கூப்பிடும். டைட்டான டேப்பட் வாயே திறக்காது. "இன்ஜின் பஞ்சு மாதிரி ஓடுதுங்க, காலையில மட்டும்தான் பிரச்சனை" என்று யாராவது சொன்னால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் போகும். எக்ஸாஸ்ட் வால்வு டைட்டாகக் கிடந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த வால்வு தன் சூட்டைச் சீட்டின் வழியாகத்தான் இறக்குகிறது. சரியாக உட்காராத வால்வுக்குச் சூட்டை இறக்க இடம் இல்லை, விளிம்பு கருகிவிடும். அப்புறம் ஹெட்டை இறக்காமல் முடியாது.

உங்களுக்கு இது எப்படித் தெரியவந்தது?

பட்டுத்தான். ஒரு தை மாதம், விசேஷத்துக்குக் கிளம்ப விடியற்காலை நாலரைக்கு வண்டியை எடுத்தால், செல்ஃப் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, பற்றவில்லை. அதற்கு முந்தைய மழைக்காலத்திலிருந்தே ஒரு அடிக்குப் பதில் மூன்று அடி, மூன்றுக்குப் பதில் ஆறு என்று ஏறிக்கொண்டே வந்திருந்தது. நாங்கள் பேட்டரியை மாற்றினோம். ஆறிய இன்ஜினைப் பற்றவைக்க உள்ளே முன்கூட்டியே சூடேற்றும் ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றினோம். ஒரு பட்டறையில் நாசில் சர்வீஸ் செய்தார்கள், பம்பைக் கழற்றி காலிபரேஷன் பண்ணினார்கள். கடைசியில் "ரிங், லைனர் போய்விட்டது, இன்ஜினை இறக்கணும்" என்று பெரிய தொகை சொன்னார்கள். அப்பா தேங்காய் போட்ட பணத்தை எடுத்து வைத்துவிட்டார்.

இறக்குவதற்கு முந்தைய நாள், பழைய லாரிகளில் கை பழகிய ஒரு பெரியவர் வந்து, "டேப்பட் எப்போப்பா பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டார். யாருக்கும் நினைவில்லை. கவரைத் திறந்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை விட்டால் எட்டு வால்வில் மூன்றில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. இரண்டு மணி நேர வேலை. மறுநாள் காலை ஹீட்டர் போட்டுச் சாவியைத் திருப்பினால் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அந்த இன்ஜின் இன்றுவரை இறங்கவில்லை.

அந்தப் பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். நானும் பார்க்கவில்லை.

அப்படியானால் எடுத்த எடுப்பிலேயே டேப்பட்டைத் திறந்துவிடலாமா?

காசில்லாமல் பத்து நிமிடத்தில் பார்க்கக்கூடியவை நான்கு உண்டு. அவற்றை முடித்துவிட்டுத் திறங்கள்.

முதலில் புகை. செல்ஃப் அடிக்கும்போது ஒருவரைச் சைலன்சர் பக்கம் நிற்க வையுங்கள். டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றும் சூடுதான் இல்லை. ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் (காற்றை நசுக்கும் அழுத்தம்), டேப்பட், டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) பக்கம் தேடுங்கள். புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. டீசல் குழாயில் புகுந்த ஏர், ஃபில்டர், இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் பக்கம் தேடுங்கள். இந்த ஒரு கேள்வி பாதி வேலையைக் குறைத்துவிடும்.

இரண்டாவது, சுற்றும் வேகம். இரவெல்லாம் நின்ற நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே போனால் பேட்டரியையோ செல்ஃபையோ சந்தேகப்படலாம். பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் பட்டையைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். உரமூட்டை ஏற்றும் வண்டிகளில் அந்த இடம் பச்சை பூத்துக் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, ஸ்டாப். இழுத்து நிறுத்தும் கேபிள் உள்ள வண்டியில், குமிழ் உள்ளே போனாலும் பம்பில் இருக்கும் லீவர் முழுதாகத் திரும்பியிருக்காது. கையால் தள்ளிப் பாருங்கள். பிற்கால 240டி-யில் சாவியை அணைத்ததும் வேக்குவம்தான் இன்ஜினை நிறுத்துகிறது, அந்தக் குழாய்களையும் பார்த்துவிடுங்கள்.

நான்காவது ஹீட்டர் பிளக்கும் ஏரும். அவற்றுக்குத் தனிக் கேள்வி.

ஹீட்டர் பிளக் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பென்சில் மாதிரி இருக்கும் வகை என்றால் சுலபம். நான்கின் ஒயரையும் கழற்றுங்கள். 12 வோல்ட் டெஸ்ட் பல்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பிளக்கின் தலையிலும் வையுங்கள். பல்பு எரிந்தால் கம்பி அறுபடவில்லை. மீட்டர் இருந்தால் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். நான்கும் நன்றாக இருந்தால், மாட்டிய பிறகு ஹீட்டர் போடும்போது ஒயருக்குக் கரண்ட் வருகிறதா என்றும் பாருங்கள். ரிலேயும் பியூஸும் போவது உண்டு.

ஆரம்பகால 240டி-யில் சுருள் கம்பி வகை இருக்கும். அவை பழைய சீரியல் பல்பு மாதிரி ஒன்றின் பின் ஒன்றாக இணைக்கப்பட்டவை. ஒன்று போனால் நான்கும் அணைந்துவிடும். பென்சில் வகையில் ஒன்று போனால் மற்ற மூன்றும் வேலை செய்யும். அப்போது வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஒரு நிமிடம் வரை ஒரு சிலிண்டர் செத்த மாதிரி உதறிவிட்டுச் சரியாகும். ஒரே ஒரு வால்வு டைட்டாக இருந்தாலும் இதே உதறல்தான் வரும். பிளக் நன்றாக இருந்தும் உதறினால் டேப்பட்.

பிளக்கைக் கழற்றும்போது ஓட்டையில் கரி மண்டியிருந்தால் சுத்தம் செய்துவிட்டு மாட்டுங்கள். கரிக்குள் புதைந்த புதுப் பிளக் சீக்கிரம் கருகிவிடும்.

ஏர் பிடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காலையில் ஹீட்டர் போடுவதற்கு முன், டீசலைக் கையால் ஏற்றும் கை பம்பை இருபது முப்பது தரம் அழுத்துங்கள். அன்றைக்கு மட்டும் உடனே ஸ்டார்ட் ஆனால், இரவில் டீசல் டேங்குக்கே திரும்ப இறங்கியிருக்கிறது என்று பொருள். நாசிலுக்கு நாசில் போகும் ரிட்டர்ன் ஓஸ், ஃபில்டர் வாஷர், கை பம்பின் கழுத்து, இந்த மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் இருக்கும். டேங்க் பக்கம் இருந்து வரும் ஓஸுக்குப் பதிலாகக் கொஞ்ச நாளைக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும் ஓஸ் மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ரிட்டர்ன் ஓஸ் விலை மிகக் குறைவு, மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

சரி, டேப்பட் அளவு எவ்வளவு?

ஓ.எம். 616-க்கு இன்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது இன்டேக் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. சூடாக வைத்தால் 0.15, 0.35. நான் எப்போதும் ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினில் காலையில்தான் செய்வேன். "சூடு" என்பது எவ்வளவு சூடு என்று ஆளுக்கு ஆள் மாறும், "ஆறியது" மாறாது.

எக்ஸாஸ்டுக்கு ஏன் மூன்று மடங்கு என்று கேட்பார்கள். எரிந்த புகை முழுக்க அதைத் தழுவிக்கொண்டுதான் வெளியே போகிறது. இன்டேக்கைவிட அது அதிகம் காயும், அதிகம் நீளும். அந்த நீளத்துக்கு முன்கூட்டியே விடும் இடம் அது. இரண்டையும் மாற்றி வைத்துவிட்டால் பட்ட பாடு வீண். அதனால் மேனிஃபோல்டின் குழாய் எந்த வால்வுக்கு நேராக வருகிறது என்று பார்த்து, சாக்பீஸால் 'இ', 'எ' என்று எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.

நானே செய்யலாமா? எப்படிச் செய்வது?

பொறுமை இருந்தால் செய்யலாம். முதல் தடவை அரை நாள் ஆகும், பழகினால் ஒன்றரை மணி நேரம்.

வேண்டிய சாமான்: ஃபீலர் கேஜ், 14 அளவில் இரண்டு மெல்லிய ஸ்பேனர், கிராங்க் போல்ட்டைச் சுற்ற 27 சாக்கெட்டும் நீளக் கைப்பிடியும், புது டேப்பட் கவர் கேஸ்கெட், கொஞ்சம் பனியன் வேஸ்ட். இந்த 14 ஸ்பேனர்தான் சிக்கல். சாதாரண ஸ்பேனர் அந்த இடுக்கில் திரும்பாது. இதற்கென்று வளைத்துச் செய்தது தனியாகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பழைய ஸ்பேனர் இரண்டை எடுத்துக்கொண்டு கணபதி பக்கமோ பீளமேடு பக்கமோ ஒரு லேத் பட்டறைக்குப் போங்கள். சுட்டு வளைத்துத் தேய்த்துக் கொடுத்துவிடுவார்கள். கோயமுத்தூருக்குப் பக்கத்தில் பிறந்ததற்கு இந்த வசதியாவது இருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். கவருக்கு மேலே போகும் ஆக்சிலேட்டர் கம்பியை எடுத்துவிட்டுக் கவரைத் தூக்குங்கள். அதற்கு முன் சுற்றிலும் உள்ள புழுதியைத் துடைத்துவிடுங்கள். நம் செம்மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் கேமுக்கு ஆகாது.

மேலே கேம் ஷாஃப்ட் தெரியும். அதன் முட்டை வடிவ மூக்குகள் எட்டு. எந்த வால்வைப் பார்க்கிறோமோ அதன் மூக்கு மேலே வானத்தைப் பார்த்து நிற்கும்படி இன்ஜினைச் சுற்ற வேண்டும். கிராங்க் போல்ட்டில்தான் சுற்ற வேண்டும், முன்னால் நின்று பார்த்தால் கடிகார முள் சுற்றும் பக்கம். கேம் ஷாஃப்டின் போல்ட்டைப் பிடித்துச் சுற்றாதீர்கள். தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பாதீர்கள், கிராங்கை இன்னும் இரண்டு சுற்று சுற்றி மறுபடியும் வாருங்கள். பின்னால் திருப்பினால் போல்ட் கழன்றுகொள்ளும், செயினும் தொய்யும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கையால் சுற்றுவது சுலபம். என் மச்சான் கீழே படுத்துச் சுற்றுவார், நான் மேலே பார்த்து "போதுங்க மச்சான்" என்பேன். இரண்டு பேர் இருந்தால் பாதி நேரம்.

இப்போது கேமின் அடிப்பக்கத்துக்கும் ராக்கரின் வழவழப்பான முதுகுக்கும் நடுவில் தகட்டை விடுங்கள். வெண்ணெய்க்குள் கத்தி போகிற மாதிரி லேசான இழுவையோடு போக வேண்டும். கனமில்லாமல் போனால் லூஸ், தள்ளித் திணிக்க வேண்டியிருந்தால் டைட். திருத்துவதற்கு முன் எட்டின் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்த வால்வு வேகமாகத் தேய்கிறது என்று அந்தத் தாள்தான் சொல்லும்.

வால்வு காம்பின் தலையில் இரண்டு நட்டு இருக்கும். மேலே உருண்டைத் தலை கொண்ட தொப்பி நட்டு, அதன் கீழே லாக் நட்டு. லாக் நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு தொப்பி நட்டை மற்றதால் தளர்த்துங்கள். அளவு வந்ததும் இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்குங்கள். சில சமயம் நட்டோடு சேர்ந்து ஸ்பிரிங் தட்டும் சுற்றும். அப்போது அதைப் பிடிக்க மூன்றாவது ஸ்பேனர் வேண்டும். இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடியும் தகட்டை விட்டுப் பாருங்கள். முதல் தடவை செய்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

எட்டும் முடிந்ததும் இன்ஜினை இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு எல்லாவற்றையும் இன்னொரு முறை அளந்துவிடுங்கள். கவரைப் புதுக் கேஸ்கெட்டோடு மூடுங்கள். நட்டுகளை மிதமாக இறுக்கினால் போதும். ஆயில் ஒழுகும் என்று பயந்து முறுக்கினால் கவர் வளைந்து அதனாலேயே ஒழுகும்.

எங்கள் மெக்கானிக் ஃபீலர் கேஜ் இல்லாமல் கைப்பழக்கத்திலேயே வைப்பார். அது சரிதானா?

காது பழகிய நல்ல கைகாரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 0.10 மி.மீ. என்பது ஒரு தாளின் கனம். சத்தத்தை வைத்து வைப்பவர் சத்தம் அடங்கும்வரை இறுக்குவார். நமக்கு வந்திருக்கும் நோயே இறுக்கம்தானே. "அண்ணா, ஒரு தடவை கேஜ் விட்டுக் காட்டுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

240டி-க்கு மெர்சிடிஸ் சொன்னது 15,000 மைல், சுமார் 24,000 கி.மீ. நம் வண்டிகள் தோட்டத்து வண்டிப்பாதையில் பாரத்தோடு முதல் கியரில் உறுமுகின்றன, வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவில் ஏறுகின்றன. நான் 15,000-க்கு ஒருமுறை திறக்கிறேன். ஓடாமலே நிற்கும் வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

டேப்பட் சரியாக வைத்த பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை. இப்போது?

இப்போதுதான் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். டேப்பட் வைக்காமல் கம்ப்ரஷன் பார்த்து "ரிங் போச்சு" என்று முடிவு கட்டுவது, சட்டையைக் கழற்றாமல் எடை போட்ட மாதிரி.

ஹீட்டர் பிளக் ஓட்டை வழியாக டீசலுக்கான கேஜை மாட்டுங்கள். பெட்ரோல் வண்டி கேஜ் இந்த அழுத்தத்துக்குத் தாங்காது. நல்ல நிலையில் அழுத்தம் 22 முதல் 24 பார் காட்டும். 15-க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 3-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ வேலை இருக்கிறது.

எந்த வேலை என்று அறிய, அந்தப் பிஸ்டனை மேலே நிறுத்தி, ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விட்டுக் காது கொடுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் உஸ் என்றால் ரிங். ஏர் கிளீனரில் கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். காற்று விடும்போது இன்ஜின் சட்டென்று சுற்றலாம், ஃபேன் பக்கம் கை வைக்காதீர்கள்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் நாசிலும் பம்ப் டைமிங்கும். இதற்கு நாமக்கல், சங்ககிரி போல லாரி ஊர்களின் பம்ப் கடைகளில் நல்ல அனுபவம் இருக்கிறது. இதே வகை நாசிலை நாள்தோறும் பெஞ்சில் வைத்துப் பார்ப்பவர்கள். இந்த இன்ஜினுக்கு பம்ப் டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 24 டிகிரி முன்னால். டைமிங் செயின் நீண்டிருந்தால் அதுவும் பின்னுக்குப் போகும். கேமில் உள்ள கோட்டை அதன் குறிக்கு நேராக வைத்து, கிராங்க் புல்லியில் எத்தனை டிகிரி தள்ளியிருக்கிறது என்று பார்த்தால் செயின் நீளம் தெரிந்துவிடும். மூன்று நான்கு டிகிரிக்கு மேல் என்றால் செயினைக் கவனியுங்கள்.

ஓடும் இன்ஜினில் நாசில் பைப்பைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் சோம்பல் என்று பார்ப்பது பழைய வழக்கம். செய்யலாம், ஆனால் பீய்ச்சும் டீசலுக்கு நேரே கையை நீட்டக் கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னப் புள்ளி மாதிரித்தான் தெரியும், விரலையே எடுக்க வைத்துவிடும். பட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

காலையில் நன்றாகப் பிடிக்கிறது. ஓட்டி நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால் மக்கர் செய்கிறது.

அது வேறு நோய். சூடான இன்ஜினுக்கு ஹீட்டர் பிளக் உதவியே பெரிதாக வேண்டாம். செல்ஃப் சூட்டில் இழுக்கவில்லையா என்று முதலில் பாருங்கள். நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பம்புக்குள் டீசலை அழுத்தும் எலிமெண்ட் தேய்ந்திருக்கலாம். சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த இடுக்கில் ஒழுகிவிடும்.

அம்பாசிடர் டீசலுக்கும் இதே முறையா?

காரணம் அதே, கை வேலை வேறு. அந்த 1489 சிசி இன்ஜினில் கேம் கீழே இருக்கிறது, புஷ் ராடு தள்ளுகிறது. ராக்கர் முனையில் ஒரு திருகு, அதற்கு ஒரு லாக் நட்டு. ஸ்க்ரூ டிரைவரும் ரிங் ஸ்பேனரும் போதும். முன்னாலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொண்டு ஒன்பது கணக்கு போடுங்கள். 8-வது முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐ வைக்கலாம், 6-வது திறந்திருக்கும்போது 3-ஐ. கூட்டினால் ஒன்பது வர வேண்டும். அளவைக் கையேட்டில் உள்ளபடி வையுங்கள்.

அவசரத்துக்கு ஏர் கிளீனரில் ஸ்ப்ரே அடிக்கலாமா? துணியில் டீசல் நனைத்துக் கொளுத்திக் காட்டுகிறார்களே?

வேண்டாங்க. ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் இன்ஜினுக்குள் ஈதர் ஸ்ப்ரே போனால், பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டன் பிளந்துபோகும். தீப்பந்தம் காட்டுவதில் ஏர் ஃபில்டரே பற்றிக்கொண்டதை நேரில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் வைக்கோல் போர் இருந்தது. அன்று தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இருந்ததால் தப்பித்தோம்.

அவசரம் என்றால் ஹீட்டரை இரண்டு தடவை முழுதாகப் போட்டு, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு அடியுங்கள். ஒரு அடி 15 விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். இல்லாவிட்டால் செல்ஃபும் கூடவே போகும்.

கோவையில் சரியாக இருக்கிறது. ஊட்டியில் ஒரு ராத்திரி நிறுத்தினால் மட்டும் கிளம்ப மாட்டேன் என்கிறது. வண்டியில் குறையா?

குறை இருக்கிறது, கீழே அது தெரியவில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று லேசு. இழுக்கும் காற்றே குறைவு என்றால் நசுக்கிக் கிடைக்கும் அழுத்தமும் குறையும். டிசம்பர், ஜனவரியில் உறைபனியும் விழும். பேட்டரி சுருண்டு கிடக்கும், ஆயில் இறுகிக் கிடக்கும். கீழே 18 பார் வைத்துக்கொண்டு சமாளித்த இன்ஜின் அங்கே தடுமாறிவிடும். மலைக்குப் போவதற்கு முந்தைய வாரம் டேப்பட்டும் ஹீட்டர் பிளக்கும் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே நிறுத்தும்போது, முடிந்தால் முன்பக்கம் இறக்கமாக உள்ள இடத்தில் நிறுத்துங்கள். காலையில் ஹீட்டர் போட்டு, இரண்டாவது கியரில் உருட்டிவிட்டால் பிடித்துக்கொள்ளும்.